கழிபொருட் பூத்தையல்: போர்த்தலும் துளைத்தலும் பிணைத்தலும்

முன்னுரை

ஊசியும் நூலும் கொண்டு துணியின்மேல் பூவும் கொடியும் புள்ளும் விலங்கும் அமைக்கும் தொழிலைப் பூத்தையல் என்கிறோம். கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, இலக்கியம் எனக் கவின்கலைகளை ஐந்தாக எண்ணுவோர் அவ்வரிசையில் இதற்கு இடம் தருவதில்லை. மகளிர் ஓய்வு நேரத்திற் செய்யும் கைவேலை என்றே அது நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. ஓவியனின் பெயரை வரலாறு போற்றி வைத்தது. தைத்தவளின் பெயரையோ துணியோடு மட்கிப்போக விட்டுவிட்டது.

அண்மைக் காலத்தில் இந்நிலை மாறியுள்ளது. கலைஞர் பலர் ஊசியைத் தம் கருவியாக விரும்பி ஏற்றுள்ளனர். அவருள் ஒருசாரார் புதுத்துணியை நாடாது, மக்கள் பயன்படுத்தி எறிந்த பொருள்களையே தளமாகக் கொள்கின்றனர். துருவேறிய வாளி, நசுங்கிய கார்க் கதவு, பழுதுற்ற வீட்டுக் கருவி, மதுப்புட்டியின் மூடி ஆகிய யாவும் அவர்தம் கையில் கலைப்பொருளாகின்றன. இவை நுகர்வு மிகுந்த இக்காலத்தைப் பற்றிய கண்டனங்கள் என்று பாராட்டப்படுகின்றன.

அப்பாராட்டுகளை நோக்குமிடத்து இருவகைக் குறைகள் தென்படுகின்றன. ஒருசாரார் குப்பை குறைந்தது என்று மகிழ்கின்றனர். ஒரு கண்காட்சிக்குச் சில நூறு மூடிகளைப் பொறுக்குவதால் உலகின் குப்பை குறைந்துவிடாது. ஆதலின் அது கலைக்குரிய புகழ் ஆகாது. மற்றொரு சாரார் இரும்பிற் பூப்பூத்தது என்று கைத்திறனை வியந்து அமைகின்றனர். வியப்பு, திறனாய்வின் தொடக்கமேயன்றி முடிவன்று. எறிந்த பொருளில் ஏறிய தையல் எப்போது நுகர்வைப் பற்றிய சிந்தனையாகிறது, எப்போது அந்நுகர்வுக்கே மற்றுமோர் அணியாகிவிடுகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. அவ்வினாவை வங்கத்துக் கந்தாவை முன்னிறுத்தி, இக்காலக் கலைஞர் மூவரின் படைப்புகள் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நுகர்வும் நுகர்வியமும்

உண்பதும் உடுப்பதும் உயிர்க்கு இயல்பு. அவற்றை நுகர்வு என்கிறோம். நுகர்வியம் என்பது அதனின் வேறானது. பொருளின் பயன் தீருமுன்னே அதன்மேல் விருப்பம் தீர்ந்துவிடுமாறு செய்வதும், புதியதை வாங்குதலையே வாழ்வின் மகிழ்ச்சி என நம்பச் செய்வதும் அதன் இயல்புகள். இது தானே விளைந்ததன்று; திட்டமிட்டு விளைக்கப்பட்டதும் ஆகும். 1924ஆம் ஆண்டில் ஜெனீவாவிற் கூடிய மின்விளக்கு உற்பத்தியாளர் சிலர் 'ஃபீபஸ்' என்னும் கூட்டு ஒன்றை அமைத்தனர். நெடிது எரியும் விளக்கைச் செய்ய வல்லவராயிருந்தும், 1,000 மணி நேர அளவிலேயே அது அணையுமாறு செய்ய அவர்கள் உடன்பட்டனர். மிகுந்து எரியும் விளக்கைச் செய்தவர்க்குத் தண்டமும் விதித்தனர். பொருள் சாகவேண்டும் என்று அதனைப் படைத்தவனே விரும்பிய காலத்தின் அடையாளமாக இதனைக் கொள்ளலாம்.

இவ்வாறு விரைந்து மடியும் பொருள் இரண்டினை மறைக்கிறது. தன்னைச் செய்தவரின் உழைப்பை மறைப்பது ஒன்று. எறியப்பட்ட பின் தான் சேருமிடத்தை மறைப்பது மற்றொன்று. கடையில் அடுக்கிய சட்டையைக் காண்பவன் அதனைத் தைத்த கையையும் காணான். அது கிழிந்தபின் சென்று கிடக்கும் மேட்டையும் காணான். கழிபொருட் பூத்தையல் நுகர்வியத்தைப் பற்றி ஏதேனும் சொல்லவேண்டுமாயின், மறைந்த இவ்விரண்டனுள் ஒன்றையேனும் அது வெளிக்கொணர வேண்டும்.

அளவுகோல்

இத்தகைய கலையை ஆராயத் தமிழ்ப் பொருளிலக்கணம் நமக்கு ஒரு கருத்தைத் தருகிறது. உள்ளுறை என்பது கருப்பொருள்களுள் தெய்வம் ஒழிந்தவற்றை நிலைக்களமாகக் கொண்டு பிறப்பது என்பர் தொல்காப்பியர். புலவன் பறவையையும் பூவையும் மீனையும் சொல்லி அமைவான். கூற வந்த பொருளோ அவற்றின் செயலினுள்ளே அடங்கிக் கிடக்கும். கேட்போன் அதனைத் தானே உய்த்துணர்வான். கருப்பொருள் அங்கு வெறும் அணியன்று. அது தன் இயல்பு மாறாது நின்றே வேறொன்றையும் உணர்த்தும்.

இக்கலைகள் பிற நாட்டில் பிற மரபிற் பிறந்தவை. அவற்றைச் செய்தோர் நம் இலக்கணத்தை அறிந்து செய்தனர் என்பது நம் கருத்தன்று. எனினும் எறிந்த பொருளே இங்குக் கருப்பொருளாதலின், இவ்வளவுகோல் பொருந்தும் எனக் கருதுகிறோம். இதிலிருந்து மூன்று வினாக்கள் எழுகின்றன. கழிபொருள் தன் பெயரும் வரலாறும் இழவாது நிற்கிறதா? தையலிற் சென்ற உழைப்பும் காலமும் காண்போர்க்குப் புலனாகின்றனவா? கருத்து, பொருளின் உள்ளிருந்து பிறக்கிறதா, அன்றி அருகில் ஒட்டிய குறிப்புச்சீட்டிலிருந்து மட்டும் பெறப்படுகிறதா? இம்மூன்றனையும் மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

கந்தா: வறுமையிற் பிறந்த செல்வம்

வங்கத்துக் 'கந்தா' பழந்துணியிற் செய்யும் பூத்தையல்களுள் பெரும்புகழ் பெற்றது. அப்பெயர், கந்தல் துணியைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது. நம் மொழியில் வழங்கும் 'கந்தை' என்பதற்கும் அதுவே மூலமெனத் தமிழ்ப் பேரகராதி காட்டும். ஒரே சொல் இருநாட்டிலும் பெற்ற வாழ்வு வேறு. பொருநராற்றுப்படையில், துன்னிய கந்தையொடு வந்த பொருநனுக்கு அதனைக் களைந்து, பாம்பின் சட்டை போன்ற நுண்ணிய ஆடையை அளிக்கிறான் கரிகாலன். ஆங்குக் கந்தை, களையப்பட வேண்டிய வறுமையின் சின்னம். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்னும் பழமொழி அதனைத் தூய்மையால் உயர்த்துகிறது. வங்கத்துப் பெண்களோ அதனையே கலையால் உயர்த்தினர்.

அதன் செய்முறை எளியது. உடுத்து உடுத்து மென்மையுற்ற வெள்ளைச் சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்புவர். அவற்றின் கரைகளினின்று சிவப்பும் நீலமுமாகிய வண்ண நூல்களை உருவி எடுத்துக் கொள்வர். ஊசி மேலும் கீழுமாக நேரே ஓடும் ஓட்டுத்தையலே இதில் தலைமையானது. நடுவே விரிந்த தாமரை, மூலைகளில் மரங்கள், இடையிடையே யானை, குதிரை, பல்லக்கு, படகு ஆகியன அமைவதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கந்தாக்கள் சிலவற்றில் புகைவண்டியும் சீட்டாட்டச் சீட்டும் வெள்ளைச் சிப்பாயும் கூட இடம்பெற்றுள்ளன. உருவங்களைச் சூழ்ந்த வெற்றிடத்தையும் வெள்ளை நூலால் நெருங்கத் தைப்பர். அதனால் துணி முழுதும் காற்றில் அலையும் நீர்ப்பரப்பெனச் சிற்றலை பெறும். குளிருக்குப் போர்க்கும் 'லேப்', விரிப்பாகும் 'சுஜனி', நூலையும் அரும்பொருளையும் பொதியும் 'பாய்தன்', கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைக்கும் 'ஆர்ஷிலதா' எனப் பயன்பற்றி இதன் வகைகள் பல. குருசதய் தத்தர் (1882–1941) இவற்றை ஊர்தோறும் தேடித் தொகுத்தார். கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் இதுபற்றி விரிவாக எழுதினார்.

கந்தா நுகர்வியத்தைக் கண்டிக்கும் கலை என்று இக்காலத்தார் சிலர் கூறுவர். அது பொருந்தாது. பொருள் அரிதாயிருந்த வீட்டில், எறிவதற்கு ஒன்றுமில்லாத வாழ்வில், அது பிறந்தது. பெருக்கத்தைக் கண்டிக்க வேண்டிய தேவை அவ்வாழ்விற்கு இல்லை. ஆயினும் பிற்காலக் கலைக்கு அது ஓர் அளவையாக நிற்கிறது. அதன் ஒவ்வோர் இழையும் இன்னாருடையது என வீட்டார் அறிவர். தாயின் சேலை குழந்தையின் விரிப்பாகும்போது துணியின் பழைய வாழ்வு அழிவதில்லை. அடுத்த அடுக்கின் கீழே உறங்குகிறது. மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் சென்ற காலம் தையலின் நெருக்கத்தில் அப்படியே புலனாகிறது.

அம்மண்ணின் பிற்காலத்தையும் ஈண்டு நோக்கவேண்டும். வங்கத்தின் கிழக்குப் பகுதியாகிய வங்கதேசம் இன்று ஆயத்த ஆடை ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று. 2013 ஏப்ரல் 24ஆம் நாள் டாக்காவை அடுத்த சவாரில் 'ராணா பிளாசா' என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து வீழ்ந்தது. அதிலிருந்த ஆடைத் தொழிற்சாலைகளிற் பணிபுரிந்தோர் உள்ளிட்ட 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல்நாளே சுவரில் வெடிப்புக் கண்டும் தொழிலாளர் மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டனர். அவர்கள் தைத்தவை மேலைநாட்டுக் கடைகளில் மலிவாக விற்கும் ஆடைகள். ஒரு துணியைத் தலைமுறை தலைமுறையாக வாழவைத்த அதே வங்கத்தில், சில முறை உடுத்து எறியும் ஆடைக்காக உயிர்கள் மடிந்தன. தையல் என்னும் ஒரே தொழில் எங்ஙனம் இருவேறு பொருளாதாரங்களின் கருவியாயிற்று என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

போர்த்தல்

இக்காலக் கலைஞருள் முதலில் சுவீடன் நாட்டு உல்லா-ஸ்டீனா விக்காண்டரின் படைப்புகளைக் காண்போம். பழம்பொருட் சந்தைகளிற் கிடக்கும் பூத்தையல் துணிகளை அவர் திரட்டுகிறார். பெருக்கற்குறி போன்ற குறுக்குத்தையலால் மலரும் மனையும் நாயும் அமைந்த அத்துணிகள், முந்திய தலைமுறைப் பெண்கள் சுவரில் மாட்டவும் திண்டுக்கு உறையாகவும் செய்தவை. வழக்கொழிந்த வீட்டுக் கருவிகளையும் அவர் தேடி எடுக்கிறார். தூசி உறிஞ்சும் கருவி, தையற்பொறி, தொலைபேசி போன்ற அவற்றின்மேல் அத்துணிகளை வெட்டி, வளைவும் மூலையும் பிசகாது இறுகப் போர்த்துகிறார்.

இதன்கண் அமைந்த உள்ளுறை நுட்பமானது. மின்கருவிகள் இல்லத்தரசியின் காலத்தை மீட்டுத் தரும் என்ற உறுதிமொழியோடு விற்கப்பட்டன. மீண்ட காலத்தில் அவள் செய்தது பூத்தையல். காலத்தை மீட்ட கருவியும் குப்பைக்கு வந்தது. மீட்ட காலத்தில் விளைந்த கலையும் குப்பைக்கு வந்தது. எறியப்பட்ட இரண்டும் ஒன்றையொன்று தழுவி நிற்கும்போது, அவளது காலம் எங்கே போயிற்று என்ற வினா காண்போர் உள்ளத்தில் எழுகிறது. தைத்தவர் பெயர் அறியப்படாமையும் அவ்வினாவின் கூர்மையை மிகுவிக்கிறது.

எனினும் போர்த்தலுக்கு ஓர் எல்லை உண்டு. உறை, தான் உறைந்த பொருளை மறைக்கும். கருவியின் பழுதும் தேய்வும் வணிகப்பெயரும் துணியின் கீழே மறைந்துவிடுகின்றன. வடிவம் மட்டுமே எஞ்சுகிறது. அன்றியும், பழமையின்மேல் எழும் இனிய ஏக்கம் காண்போரை எளிதில் ஆட்கொள்கிறது. 'எம் வீட்டிலும் இது இருந்தது' என்னும் மகிழ்ச்சியோடு ஒருவர் அகன்றுவிடக் கூடும். அப்போது முன் சொன்ன வினா எழாமலே போகும். எனவே போர்த்தல் முதல் வினாவிற்கு அரைகுறையாகவே விடை தருகிறது. இரண்டாம் வினாவிற்கு நன்கு விடை தருகிறது.

துளைத்தல்

லித்துவேனியக் கலைஞர் செவெரியா இஞ்சிரௌஸ்கைதே-கிரியௌனெவிச்சியெனே 1977இல் பிறந்தவர். அவர் துணியை விடுத்து உலோகத்தைத் தளமாகக் கொண்டார். வாளி, நீரூற்றும் பூவாளி, பாத்திர மூடி, கார்க் கதவு ஆகியவற்றில் வரிசை வரிசையாகச் சிறு துளைகள் இட்டு, அத்துளைகளின் வழியே நூலை ஓட்டிக் குறுக்குத்தையலால் ரோசாவும் பிற மலரும் அமைக்கிறார். அவர் மேற்கொள்ளும் மலர்க்கோலங்கள் புதியன அல்ல. கைவேலை இதழ்களில் அச்சாகி, பலர் இல்லங்களிலும் தைக்கப்பட்டுப் பழகிப்போன மாதிரிகளே அவை. உயர்ந்த சுவையினர் எனத் தம்மைக் கருதுவோர் 'மலிவான அழகு' என்று ஒதுக்கிய அதனையே அவர் விரும்பி எடுக்கிறார்.

இவ்விடத்து உலோகம் மறைக்கப்படவில்லை. துருவும் நெளிவும் உரிந்த வண்ணமும் அப்படியே நிற்க, அவற்றின் ஊடே ரோசா மலர்கிறது. பூவாளி பூவாளியாகவே இருக்கிறது. ஆயின் அதில் இனி நீர் நில்லாது. ஒரு பொருளை அழகுசெய்த செயலே அதன் பயனை அழித்தது. கடைத்தெருவில் நாள்தோறும் நிகழும் ஒன்று இங்குத் தலைகீழாகக் காட்டப்படுகிறது. பயனுள்ள பொருளுக்குப் புதிய மேற்பூச்சு இட்டு, அழகின் பெயரால் பழையதைப் பயனற்றதென நம்பச் செய்வது விற்பனையின் வழக்கம். இக்கலைஞர் பயனற்றதென எறிந்ததற்கு அழகு ஊட்டி, நாம் எதனை வாங்குகிறோம், பயனையா மேற்பூச்சையா, எனக் கேட்கிறார். கேட்கும் குரலில் சினமில்லை; மெல்லிய நகை உண்டு. நகையின் உள்ளே வினா நிற்பதால் அது எள்ளலாகத் தாழ்வதில்லை.

துளையிடுதலைப் பற்றிப் பின்னும் ஒன்று கூறவேண்டும். துணி ஊசிக்கு இணங்கும், இரும்பு இணங்காது. ஒவ்வொரு தையலுக்கும் முன்னே துளை இடப்பட்டாக வேண்டும். எனவே ஒரு மலரைக் காண்பவன், அதில் எத்தனை துளை, எத்தனை நாள் என எண்ணாதிருக்க இயலாது. ஆலையின் அச்சில் நொடிப்பொழுதில் வார்ப்புற்ற கதவும், நாட்கணக்கில் அதன்மேல் எழுந்த பூவும் அருகருகே நின்று, இருவகைக் காலங்களை ஒரே தளத்திற் காட்டுகின்றன. நம் முதல் இரு வினாக்களுக்கும் இங்கு முழுவிடை கிடைக்கிறது. ஆயினும் இம்முறை மீண்டும் மீண்டும் கையாளப்படுமிடத்து வியப்புக் குறைந்து, 'எதன்மேலும் பூத்தைக்கலாம்' என்னும் திறமைக் காட்சியாக ஒடுங்கும் இடர் உண்டு. தைக்கப்பட்ட பொருளுக்கும் தைத்த மலருக்கும் உள்ள முரண் கூர்மையாக உள்ளவரையே இது சிந்தனையாக நிற்கும்.

பிணைத்தல்

மூன்றாமவர் எல் அனத்சுய். 1944இல் இன்றைய கானா நாட்டின் அன்யாக்கோவிற் பிறந்தவர். 1975 முதல் நைஜீரியாவின் நசுக்கா பல்கலைக்கழகத்திற் சிற்பம் பயிற்றியவர். அவரைப் பூத்தையற் கலைஞர் எனப் பெயரிடுதல் சரியன்று, அவர் சிற்பி. ஆயினும் துளையிட்டு இழையாற் கோத்துப் பெருந்துணி அமைக்கும் அவர்தம் முறை, நாம் ஆராயும் கலைக்கு மிக அணுக்கமானது. அவர் பிறந்த குடும்பமும் 'கெண்டே' என்னும் வண்ணப்பட்டைத் துணி நெய்யும் மரபினது.

1998ஆம் ஆண்டையொட்டி, நசுக்காவின் அருகே எறியப்பட்டுக் கிடந்த மதுப்புட்டி மூடிகள் நிறைந்த பை ஒன்றை அவர் கண்டெடுத்தார். அலுமினிய மூடிகளையும் புட்டியின் கழுத்துப் பட்டைகளையும் தட்டித் தகடாக்கியும், மடித்தும், முறுக்கியும், வளையமாக்கியும், அவற்றின் ஓரங்களிற் துளையிட்டு மெல்லிய செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்தார். இவ்வாறு ஆயிரமாயிரம் மூடிகள் கூடிச் சுவரளாவிய தகட்டுத் துணி உருவாயிற்று. 'ஆடவன் ஆடை', 'பெண்டின் ஆடை' எனப் பெயர் பெற்ற தொடக்கப் படைப்புகள் இரண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. 2007இல் வெனிஸ் கலைவிழாவில் ஒரு பழைய மாளிகையின் முகப்பையே அவர் இத்துணியாற் போர்த்தார். 2015இல் அதே விழாவில் வாழ்நாட் பணிக்கான பொற்சிங்க விருது அவருக்கு அளிக்கப்பட்டது.

தொலைவில் நின்று காண்போர்க்கு அது பொன்னும் குருதிச் செம்மையும் இழைந்த அரசர் உடையெனத் தோன்றும். அணுகினால் ஒவ்வொரு துண்டிலும் மது வகைகளின் பெயர்கள் எழுத்தெழுத்தாகத் தெரியும். இத்தொலைவும் அணுக்கமுமே அவர் கலையின் உயிர்நாடி எனலாம். தொலைவிற் கண்ட செல்வம் எதனால் ஆயது என்பதை அணுக்கம் அறிவிக்கிறது. மது ஆப்பிரிக்காவிற்கு வெறும் குடிபொருளாக மட்டும் வரவில்லை. ஐரோப்பிய வணிகர் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் பண்டமாற்றாகக் கொடுத்த பொருள்களுள் அதுவும் ஒன்று. அடிமைகளாக விற்கப்பட்ட மக்கள் அத்லாந்திக்கைக் கடந்து கரும்புத் தோட்டங்களில் உழைத்தனர். அக்கரும்பின் பாகிலிருந்து 'ரம்' என்னும் மது வடிக்கப்பட்டது. அம்மதுவும் ஆளை வாங்கும் விலையாக மீண்டும் ஆப்பிரிக்கக் கரைக்கு வந்தது. ஒரு மூடியைத் திருகித் திறக்கும் சிறு செயலின் பின்னே இத்துணைப் பெரிய வரலாறு உண்டு. அதனை இக்கலைஞர் உரையாற் சொல்லவில்லை. மூடியின்மேல் எழுதிய பெயரே சொல்லுமாறு விட்டுவிடுகிறார். தொல்காப்பியர் கூறும் உள்ளுறைக்கு இக்காலக் கலையில் இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டை நாம் காணவில்லை.

2023 அக்டோபர் முதல் 2024 ஏப்ரல் வரை இலண்டன் டேட் மாடர்ன் அரங்கின் பெருங்கூடத்தில் 'செந்நிலவின் பின்னே' என்னும் பொருள்படும் அவர்தம் படைப்பு தொங்கவிடப்பட்டிருந்தது. அதன் முதற்பகுதி காற்றை ஏற்று விரிந்த பாயை நினைவூட்டியது. டேட் என்னும் அப்பெயரோ பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சர்க்கரை ஆலையதிபர் ஒருவரின் பெயர். மதுமூடியாலான கப்பற்பாய், சர்க்கரைச் செல்வத்தின் பெயர் தாங்கிய மண்டபத்தில் தொங்கியபோது, இடமும் பொருளும் தம்முள் உரையாடின எனல் மிகையன்று.

மற்றொரு சிறப்பும் குறிப்பிடத்தக்கது. அனத்சுய்யின் துணிகளுக்கு நிலைத்த வடிவம் இல்லை. தொங்கவிடுவோர் விரும்பியவாறு மடிப்பும் அலையும் அமைத்துக்கொள்ளலாம். அதனால் ஒவ்வொரு காட்சியிலும் அது புதுவதாகிறது. ஆயினும் அதற்காகப் புதுப்பொருள் ஏதும் வேண்டுவதில்லை. பழையதை நீக்கியே புதுமை காணலாம் என்னும் வணிகக் கொள்கைக்கு இஃதொரு மறுப்பு. பழையதே மடிப்பு மாறிப் புதிதாகலாம் என்று அது செயலாற் காட்டுகிறது.

அவர் பிறந்த நாட்டின் தலைநகராகிய அக்ராவில் 'கண்டமாண்டோ' என்னும் பழைய ஆடைச் சந்தை உள்ளது. மேலைநாட்டார் உடுத்துக் கழித்த ஆடைகள் பொதி பொதியாக அங்கு வந்து இறங்குகின்றன. அவ்வாடைகளை அந்நாட்டார் 'ஒப்ரோனி வாவு' என்பர். 'இறந்த வெள்ளையனின் ஆடை' என்பது பொருள். இத்துணை நல்ல ஆடையை உயிருள்ளவன் எறியான், உடையவன் இறந்தே இருத்தல் வேண்டும் என்று முன்னோர் எண்ணினராம். நுகர்வியத்தைப் பற்றிய கூர்மையான திறனாய்வு இம்மக்கள் வழக்கிலேயே அமைந்துவிட்டது. மிகுபொருள் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்கு வந்து கழிபொருளாகும் இந்நிலத்திலிருந்தே அனத்சுய்யின் பார்வையும் எழுந்தது என்பது நினையத்தக்கது.

தடையும் விடையும்

இத்துணையும் கூறியபின் ஒரு தடையை எதிர்கொள்ளவேண்டும். நுகர்வைக் கண்டிப்பதாகச் சொல்லப்படும் இக்கலைப்பொருள்களே பெருவிலைப் பண்டங்களாகிவிடவில்லையா? அனத்சுய்யின் படைப்புகள் சில ஏலத்தில் பத்து லட்சம் டாலரைக் கடந்து விற்றுள்ளன. எறிந்த மூடி செல்வர் சுவரின் அணியாகும்போது கண்டனம் எங்கே எஞ்சும்? அன்றியும், மூடிகளைத் தட்டிப் பிணைக்கும் வேலையிற் பெரும்பகுதியை உதவியாளர் பலர் செய்கின்றனர். பலருடைய கையுழைப்பு ஒருவர் பெயரிற் சென்று சேர்வது, ஆலையின் வழக்கத்தையே ஒத்ததன்றோ?

இத்தடையை எளிதில் ஒதுக்குதல் நேர்மையாகாது. உழைப்பின் பெயர் மறைதல் பற்றி நாம் தொடக்கத்திற் கூறியது உண்மையாயின், அது கலைக்கூடத்திற்கும் பொருந்தும். உதவியாளர் பங்கினைக் கண்காட்சிகள் வெளிப்படக் கூறுதல் வேண்டும். கந்தா தைத்தவள் பெயரை இழந்த பிழையை இக்காலம் மீண்டும் செய்தலாகாது. வங்கத்து மானதாசுந்தரி தாசி என்பார், தம் தந்தைக்கெனச் செய்த கந்தாவில் தம் பெயரையும் எழுத்தாகத் தைத்தார். அது குருசதய் தத்தர் தொகுப்பில் இன்றும் உள்ளது. தைத்தவள் தன் பெயரைத் தானே காத்துக்கொண்ட அச்செயல் நமக்கு ஒரு பாடமாகும்.

விலையைப் பற்றிய தடைக்கு விடை வேறு. ஒரு படைப்பு பெருவிலைக்கு விற்பதனால் அதன் கருத்துப் பொய்யாகிவிடாது. காவியம் அரசவையில் அரங்கேறியதால் அதன் அறம் அரசனுடையதாகிவிடுவதில்லை. மூடியின்மேல் எழுதிய பெயர் எச்சுவரில் தொங்கினும் அழியாது நிற்கும். அது நிற்குமளவும் வினாவும் நிற்கும். உண்மையான இடர் வேறிடத்து உள்ளது. 'மறுபயன் பொருள்' என்னும் சீட்டை ஒட்டி, மேலும் வாங்கத் தூண்டும் வணிகமே அது. கந்தாவின் ஓட்டுத்தையல் இன்று புதிய பட்டிலும் புதிய நூலிலும் செய்யப்படுகிறது. அது பெண்கள் பலர்க்கு வாழ்வளிக்கும் நற்றொழில். அதில் இழுக்கு இல்லை. ஆயின் அதனையே 'எறிந்ததை மீட்ட கலை' என்று விற்பது வாய்மையன்று. பழந்துணி போன்ற தோற்றத்தைப் புதுத்துணியில் பொறியால் அச்சிட்டு விற்பது அதனினும் தாழ்ந்தது. அங்குக் கழிபொருளின் வரலாறும் இல்லை. கையுழைப்பின் காலமும் இல்லை. மீட்டோம் என்னும் மனநிறைவு மட்டும் விற்கப்படுகிறது. வாங்குவோன் தன் குற்றவுணர்வையும் ஒரு விலை கொடுத்துத் தீர்த்துக்கொள்கிறான். நுகர்வியத்தின் மிக நுட்பமான வடிவம் இதுவே என்க.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. கழிபொருளைப் பயன்படுத்தல் மட்டும் ஒரு கலையை நுகர்வியத் திறனாய்வு ஆக்கிவிடாது. போர்த்தல், துளைத்தல், பிணைத்தல் என்னும் மூன்று முறைகளுள், பொருளை மறைக்கும் போர்த்தல் நினைவை எழுப்பினும் வினாவை மென்மையாக்கிவிடுகிறது. துளைத்தல் பொருளையும் உழைப்பையும் ஒருங்கே காட்டி, பயனுக்கும் அழகுக்கும் இடையே உள்ள முரணை வெளிப்படுத்துகிறது. பிணைத்தல், தனித்துக் கிடந்த சிறு கழிபொருளை அதன் வணிக வரலாற்றோடு சேர்த்து நிறுத்துகிறது. ஆதலின் மூன்றனுள்ளும் அதுவே பொருளாழம் மிக்கது. இவ்வரிசை முறைகளைப் பற்றியதேயன்றிக் கலைஞரின் தகுதியைப் பற்றியதன்று. போர்த்தலிலும் வினா கூர்மையுறலாம். பிணைத்தலும் வெறும் பொலிவாக முடியலாம்.

கந்தா இம்மூன்றற்கும் முன்னே நிற்கும் பழைய அளவை. அது எதனையும் கண்டிக்கவில்லை. ஒரு துணி எத்துணை வாழ்வு வாழக்கூடும் என்பதைச் செய்து காட்டியது. இக்காலக் கலைஞர் அவ்வாழ்வை இழந்த பொருள்களிடையே நின்று, இழப்பைத் தையலாற் சுட்டுகின்றனர். இனி இத்துறையிற் புகும் ஆய்வாளர், ஒரு படைப்பைக் கண்டதும் அது அழகியதா என்பதோடு அமையாது, இப்பொருள் எங்கிருந்து வந்தது, இதனை முதலிற் செய்தவர் யார், இப்போது தைத்தவர் எவரெவர், எத்துணைக் காலம் சென்றது என்பவற்றையும் வினவித் தெரிதல் வேண்டும். அவ்விவரங்கள் கண்காட்சிக் குறிப்புகளில் இன்று பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவற்றைத் திரட்டிப் பதிவு செய்வது இக்கலையின் திறனாய்வுக்கு முதற்பணியாகும்.